ரொட்டி அடுப்பில் வைத்த சிலிண்டர் ஹெட்

எங்கள் சோடா கம்பெனிக்கு வண்டி வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருவண்ணாமலை தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஓடு போட்ட ஒரே கூடம். அதில் கையால் சுற்றுகிற சோடா மிஷின், பாட்டில் கழுவ ஒரு சிமென்ட் தொட்டி, எசென்ஸ் வைக்க ஒரு மர அலமாரி. என் கணவர் மிஷின் சுற்றுவார். கழுவுவது, எசென்ஸ் கலப்பது, கோலி சரியாக அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது எல்லாம் என் வேலை.

அவர் வீட்டில் எல்லோரும் நிலத்தை நம்பிப் பிழைப்பவர்கள். இவர் ஒருவர்தான் மாட்டை விட்டுவிட்டு டவுனுக்கு வந்தவர். "தண்ணிய வித்துப் பொழைக்கப் போறானாம்" என்று ஊரில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவர் மனசில் முள்ளாகக் கிடந்தது. சைக்கிளில் பெட்டி கட்டி ஓட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பட்டாளத்து ஏலத்தில் போய்ப் பல கை மாறி வந்த ஒரு பெட்ரோல் பிக்கப்பை வாங்கினார். அதை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போய் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தி, தேவையே இல்லாமல் ஹாரன் அடித்தார்.

எண்பதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. வேங்கிக்கால் பக்கம் இன்றைக்கு ஆபீசுகள் நிற்கிற இடமெல்லாம் வேர்க்கடலை விளைகிற மணிலாக் கொல்லை. செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டிவிட்டால் புளியமரமும் வெயிலும்தான். அந்த ரோட்டோரக் கிராமத்துப் பெட்டிக்கடைகளுக்குத்தான் எங்கள் பன்னீர் சோடாவும் கலரும் போய்க்கொண்டிருந்தன. நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டு போவேன். காலி பாட்டில்களை எண்ணி வாங்குவதற்கு அவரை நம்ப முடியாது. கடைக்காரரோடு பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்.

அந்தப் பங்குனியில் வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது.

காலையில் ரேடியேட்டர் நிறைய ஊற்றிக்கொண்டு கிளம்புவோம். மத்தியானம் திரும்பும்போது பாதிதான் இருக்கும். வண்டிக்கு அடியில் நான் குனிந்து பார்ப்பேன். ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்காது. ஹோஸ் எல்லாம் உலர்ந்தே இருக்கும். ஆனால் பின்னால் சைலன்சரில் இட்லிப் பானையைத் திறந்ததுபோல் வெள்ளையாகப் புகை வரும்.

"எங்கதாங்க போவுது இவ்ளோ தண்ணி?" என்றேன்.

"வெயிலு ஜாஸ்தி. ஆவியாப் போவுது" என்றார் அவர்.

ஒரு நாள் காலையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியேட்டர் மூடி திறந்திருந்தது. அப்போதுதான் ஸ்டார்ட் செய்த வண்டி. தண்ணீரில் சூடே இல்லை. ஆனாலும் உள்ளே குமிழி குமிழியாகக் கிளம்பி மேலே வந்து உடைந்துகொண்டிருந்தது. கொதிக்கிற தண்ணீர் எப்படிப் பொங்கும், கேஸ் ஏறிய தண்ணீர் எப்படிப் பொங்கும் என்பது எனக்குத் தெரியாதா? நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"ஏங்க, இது கொதிக்கல. எங்கிருந்தோ கேஸ் ஏறுது" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். பின்னால் நானும் தள்ளினேன்.

மெக்கானிக் எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர். கெட்ட செய்தியைச் சொல்லும்போதும் சிரிப்பார். எண்ணெய்க் கம்பியை உருவிக் காட்டினார். எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தது. "தண்ணி உள்ள பூந்துட்டுது" என்றார். முதலில் சிலிண்டர் ஹெட்டைத் தூக்கி, அதற்கு அடியில் வைக்கிற கேஸ்கட் தகட்டை மட்டும் மாற்றிப் பார்த்தார். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மறுபடியும் குமிழி. அதன் பிறகுதான் ஹெட்டின் மேலேயே சந்தேகம் வந்து, அதை மறுபடியும் கழற்றினார். எஞ்சினின் மேல் மூடிபோல உட்கார்ந்திருக்கும் கனமான வார்ப்பிரும்பு அது. அதற்கு ஒரு பக்கம் நெருப்பு, இன்னொரு பக்கம் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் கனம் இரும்பு.

"இதுல விரிசல் இருந்தா வெறுங்கண்ணுக்குத் தெரியாதுங்க. தண்ணியில முக்கிப் பாக்கணும். உங்க தொட்டி காலியா?" என்று கேட்டார்.

எங்கள் பாட்டில் தொட்டியை நிரப்பினோம். ஹெட்டில் தண்ணீர் போகிற வழிகளையெல்லாம் மரக்கட்டையும் சைக்கிள் டியூப் ரப்பரும் வைத்து இறுக்கி அடைத்தார். ஒரு வழியில் மட்டும் டியூப் வால்வைப் பொருத்தி, தொட்டிக்குள் இறக்கி, சைக்கிள் பம்பால் காற்று அடித்தார். நான் தொட்டியின் மேல் கவிழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வால்வுக் குழிகளுக்கு நடுவிலிருந்து ஊசிமுனையளவுக் குமிழிகள் கோத்த மணிபோல ஏறி வந்தன.

"தோ, இங்க" என்று விரல் வைத்தேன்.

என் கணவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் கெடுத்தேன். போன மாசம் ரோட்டுல சூடாகி நின்னப்போ, ஆறுறதுக்குள்ள கெணத்துத் தண்ணிய மொண்டு ஊத்தினேன்" என்றார்.

"பட்டாளத்துல எத்தினி பேரு ஊத்துனானோ" என்று மெக்கானிக் சிரித்தார். ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இந்த மாடலுக்குப் புது ஹெட் மெட்ராசிலும் கிடைக்காது. வெல்டிங் வைத்துப் பார்க்கலாம், நின்றால் நின்றது.

வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனோம். பட்டறைக்காரர் விரிசலை உளியால் வாய் பிளந்து, பற்றவைத்து, ஓரமாக வைத்தார். நாங்கள் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தோம். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு ஓடியிருந்தது.

அவர் முகமூடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினார். "வார்ப்பிரும்புங்க இது. ஒரு எடம் மட்டும் சூடாகி மத்த எடம் ஜில்லுனு இருந்தா இழுத்துக்குனு வெடிக்கும். மொத்தத்தையும் சூடேத்தி, அந்தச் சூட்டோட பத்த வெக்கணும். அப்புறம் மெல்ல ஆறணும். ராவு பூரா ஆறணும். அவ்ளோ பெரிய அடுப்பு எங்கிட்ட எங்க கீது?"

திரும்பி வரும் வழியில் என் கணவர் ஹெட்டை மூட்டையில் கட்டித் தோளில் சுமந்து வந்தார். "பேசாம வண்டிய எடைக்குப் போட்டுட்டு நெலத்துக்கே போயிடலாமா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. சந்து முனையில் பேக்கரிச் சுவர் வந்தது. அந்தச் சுவரை ஒட்டி நடந்தாலே உடம்பில் சூடு அடிக்கும். பூனைகள் எப்போதும் அங்கேதான் படுத்திருக்கும். அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஏங்க, பாய்கிட்ட கேட்டா இன்னா?"

பேக்கரி பாய் எங்களிடம் சோடா வாங்கிக் கடை முன்னால் வைப்பவர். விறகு போட்டு எரிக்கிற பெரிய ரொட்டி அடுப்பு அவருடையது. விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த மாவை உதறினார்.

"ஏம்மா, ரொட்டி வேவுற எடத்துல வண்டி சாமானா? ஜனங்களுக்குத் தெரிஞ்சா எவன் வாங்கித் தின்னுவான்?"

நியாயம்தான். நான் தலைகுனிந்துகொண்டு திரும்பினேன். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "கழுவிக் குடுத்தா?"

"இரும்பக் கழுவறதாவது" என்றார் பாய்.

அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "இன்னா தங்கச்சி, பாட்டிலு கழுவுறவதானே நீ? இதையும் கழுவி எடுத்துனு வா. நான் மோந்து பாக்கறேன். துளி எண்ணெ வாசன வந்தாலும் வாசல்ல வெச்சிட்டுப் போயிடணும்."

அண்டாவில் சலவைச் சோடா போட்டு அந்த ஹெட்டைக் கொதிக்க வைத்தேன். கம்பி பிரஷால் ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்தேன். என் கல்யாணப் பாத்திரங்களைக்கூட அப்படித் தேய்த்ததில்லை. எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா குனிந்து மோந்து பார்த்து, "கெரசின்" என்றார். திருப்பி எடுத்து வந்து மறுபடியும் கொதிக்க வைத்தேன். இரண்டாம் தடவை நெடுநேரம் மோந்து பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்து, "உங்க சட்டைய விட இது தேவல" என்றார். பாய் சிரித்துவிட்டார். "சரி, வெள்ளிக்கிழம வாங்க. காலையில ரொட்டி எறக்கிட்டா அப்புறம் சனிக்கிழம சாயங்காலந்தான் மாவு போடுவேன்."

வெள்ளிக்கிழமை ரொட்டித் தட்டுகள் வெளியே வந்ததும் பாய் இன்னும் விறகு தள்ளி அனலை ஏற்றினார். பழைய தகரத் தட்டில் ஹெட்டை வைத்து, நீண்ட பலகைத் துடுப்பால் உள்ளே தள்ளினார். தொழுகைக்குக் கிளம்பும்போது வெல்டிங்காரரிடம், "நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடாதீங்க. நானும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் எல்லோரும் காத்திருந்தோம். எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் கனத்தது. என் கணவர் பூனையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பாய் வெள்ளைச் சட்டையோடு வேகமாக வந்தார். ஹெட்டை வெளியே இழுத்து, தணல் பரப்பிய செங்கல் மேல் வைத்தார்கள். கொல்லையில் காற்று படாமல் நாங்கள் சுற்றிலும் தகரம் பிடித்துக்கொண்டோம். வெல்டிங்காரர் கேஸ் நெருப்பைப் பிடித்து, வார்ப்பிரும்புக் கம்பியை உருக்கி உருக்கி விரிசலுக்குள் ஊட்டினார். தகரத்தின் சூடு முந்தானை வழியாகக் கையைச் சுட்டது. முடித்த கையோடு அடுப்புக்குள் திருப்பித் தள்ளினார்கள். அந்த அம்மா களிமண் குழைத்து அடுப்பு வாயைச் சுற்றிப் பூசி மூடினார்.

மறுநாள் காலையில் மண்ணைத் தட்டி மூடியைத் திறந்தார்கள். இரும்பில் இன்னும் கை பொறுக்கும் சூடு இருந்தது. நேராக எங்கள் தொட்டிக்குக் கொண்டுவந்து கட்டைகளை அடைத்து முக்கினோம். என் கணவர் பம்பை அழுத்தினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. என் முகம்தான் அதில் தெரிந்தது. அவர் நம்பாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

"போதுங்க, டியூபு வெடிச்சிடப் போவுது" என்று மெக்கானிக் கையைப் பிடித்து நிறுத்தினார். எல்லோரும் சிரித்துவிட்டோம். பேக்கரி அம்மா தொட்டியை எட்டிப் பார்த்து, "ஒண்ணுமே வரலியே, இதுக்கா சிரிக்கிறீங்க?" என்று கேட்டார்.

லேத்தில் அடிப்பக்கத்தை மட்டமாக்கி, ஹெட்டை ஏற்றி, நடு போல்ட்டிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக முடுக்கினார் மெக்கானிக். அடுத்த நாள் பாய் குடும்பம் பின்னால், நாங்கள் முன்னால் என்று செங்கம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஆசிரமம் தாண்டி நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு என் கணவர் ரேடியேட்டரைத் திறந்தார். ஊற்றிய தண்ணீர் ஊற்றிய இடத்தில் நின்றது. அவர் ரோட்டிலேயே மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத பாட்டு ஒன்றைப் பாடினார். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சவாரியில்தான் பாய் கேட்டார்: "சோடா போற ஊருக்கெல்லாம் என் ரொட்டியும் போனா இன்னா?"

போனது. ஆனால் விற்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. ஒரு பெட்டிக்கடையில் தட்டை இறக்கியதும் களை எடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா, "ஐயோ, யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார். "யாருக்கும் இல்லக்கா, சும்மா தின்னுப் பாரு" என்று ஒரு பன்னைப் பிய்த்துக் கொடுத்தேன். சந்தேகமாக வாயில் போட்டவர் பாதியைப் பிள்ளைக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டார். அடுத்த வாரம் வண்டி நிற்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்து கைகாட்டி நிறுத்தினார்.

"அந்தக் காய்ச்சல் ரொட்டி கீதா?"

"எத்தினி வேணும்?" என்று என் கணவர் இறங்கினார். ஊருக்குப் போகலாமா என்று அதன் பிறகு அவர் என்னிடம் கேட்டதில்லை. அந்த வண்டி மேலும் பல வருஷம் ஓடியது. விற்றபோதுகூட ஹெட் அதேதான். அன்றைக்குக் காய்ச்சல் ரொட்டி கேட்ட அந்த அம்மா மடி நிறைய பன் வாங்கிக்கொண்டு, காய்ச்சல் இல்லாத தன் வீட்டை நோக்கி வரப்பில் வேகமாக நடந்து போனார்.