திருந்தாதி மணிக்குக் கண்மூடும் போன்கள்

கொட்டாஞ்சேனை முதியோர் இல்லத்தின் மேல்மாடியில் நாலு போன்கள் தினமும் செத்துக்கொண்டிருந்தன. எப்போது சாகும் என்பதை, வரவேற்பு மேசையில் இருக்கும் பேர்ணடெற் அக்கா முதல் நாளே லோகேஸ்வரனிடம் சொல்லிவிட்டார்.

“திருந்தாதி மணி அடிக்கும், இதுகள் கண்ணை மூடும். விடியத்தான் எழும்பும்.”

மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிப்பதற்கும் போனுக்கும் என்ன சம்பந்தம்?

“போனும் செபம் சொல்லப் போயிருதோ அக்கா?” என்று சிரித்தான் லோகேஸ்வரன்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள் அவன். கமராவும் போனும் பூட்டிக் கொடுக்கும் வெள்ளவத்தைக் கம்பனியில் சேர்ந்து எட்டு மாதம். இந்த இல்லத்துக்குத் திட்டம் போட்டதும் அவன்தான். அடியில் பெயரை எழுதி, பக்கத்தில் பி.எஸ்சி.யையும் சேர்த்திருந்தான். நெட்வேர்க் கேபிளிலேயே கரண்டையும் அனுப்பும் சுவிட்ச் ஒன்று. அதில் பதினாலு கமரா, எட்டு போன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாட். நூற்றுப்பத்து போதும், சுவிட்ச் நூற்றுத்தொண்ணூறு தரும், எண்பது மிச்சம். கணக்கு அழகாகத்தான் இருந்தது.

முதல் முறை அவன் பார்க்கப் போனது காலை பத்து மணிக்கு. போனெல்லாம் உயிரோடு இருந்தன. தேடித் தேடி, ஒரு கேபிள் முனை கொஞ்சம் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தான். ‘கேபிள் வேலை தரக்குறைவு’ என்று அறிக்கை எழுதினான். கேபிள் இழுத்தவர் சூசைதாசன், துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்து வந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர்.

“நீங்க எழுதினத வெச்சித்தான் அந்த மனுசன வெள்ளிக்கிழமயோட வேலையால நிப்பாட்டப் போறன். சரிதானே?” என்று கம்பனி மனேஜர் புவாத் கேட்டார்.

“சரி சேர்” என்றான்.

ஆனால் அந்த முனையைப் புதிதாகப் போட்ட பிறகும் போன்கள் செத்தன. சுவிட்சையே மாற்றினான். அப்போதும் செத்தன. வெள்ளிக்கிழமை மறுபடி புறப்பட்டான். மழை, வழியெல்லாம் வாகன நெரிசல். போய்ச் சேர ஐந்தரை தாண்டிவிட்டது. முதல் முறையாக அந்தி நேரத்தில் சுவிட்சின் முன்னால் இருந்தான்.

மணி அடித்தது. வெளியே இருள, கமராக்கள் ஒவ்வொன்றாக இரவுப் பார்வைக்கான மங்கிய சிவப்பு விளக்குகளை ஏற்றின. லெப்டொப் திரையில் வாட் கணக்கு ஏறியது. நூற்றுப்பதினேழு. நூற்று முப்பத்தொன்று. நூற்றெண்பத்தேழு. அதற்கு மேல் தாங்காமல், கடைசியில் செருகியிருந்த நாலு போன்களையும் சுவிட்ச் ஒவ்வொன்றாகக் கைவிட்டது.

இருட்டில் ஒரு கமரா ஐந்தல்ல, பன்னிரண்டு வாட் தின்கிறது. லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் ஹீட்டர் போட்டால் தன் வீட்டு பல்ப் மங்குவதைப் பார்த்து வளர்ந்தவன், பகல் கணக்கை மட்டும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறான்.

மூன்று கமராவைக் கழற்றினான். நாலு போனும் எழும்பின.

“பாத்தீங்களா தம்பி, நான் சொன்னனான்” என்றார் பேர்ணடெற் அக்கா.

புவாத்தை அழைத்தான். “சேர், கேபிள்ல பிழை இல்ல. என்னோட கணக்குதான் பிழை.”

“இப்ப வந்து சொல்றீங்களே லோகேஸ். கடிதம் மூணு மணிக்கே குடுத்தாச்சி. கஸ்டமருக்கும் கேபிள் பிழையெண்டுதான் போயிரிக்கி. அப்பிடியே இரிக்கட்டும்.”

“அப்ப அந்த மனுசன் சேர்?”

அழைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. அடுத்து சூசைதாசனை அழைத்தான்.

“அண்ணே, ஒங்க வேலையில ஒரு பிழையும் இல்லண்ணே. நான்தான் பிழையா எழுதிட்டேன்.”



“ஆறுதலுக்குச் சொல்லாதீங்கோ தம்பி. கொஞ்ச நாளா எனக்குக் கை நடுங்குதுதான். படிச்ச பிள்ளை டெஸ்ட் பண்ணி எழுதினது பிழையாப் போகுமோ?”

“சத்தியமாண்ணே...”

“முனை போடுற கிரிம்பர் என்னட்டத்தான் கிடக்கு. கம்பனிச் சாமான். திங்கள் கொண்டந்து தாறன். போனை வைக்கிறன் தம்பி, வீட்டில செபமாலை தொடங்கிட்டுது.”