கோணல் சுண்டுவிரல்

என் இடது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். ஐந்து வயதில் சைக்கிள் கேரியரிலிருந்து விழுந்ததில் உடைந்து, அப்படியே சேர்ந்துவிட்டது. போன மாதம் வேலை விஷயமாகக் கான்பூர் போயிருந்தேன். அங்கே ஒரு ஷூ கம்பெனியில், தோல் வெட்டும் மெஷினின் நெற்றியில் ஒட்டியிருந்த படத்தில் அதே கோணல் விரலைப் பார்த்தேன். இது என் கை என்று அங்கிருந்தவர்களிடம் சொன்னேன். மரியாதைக்குச் சிரித்தார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன நஷ்டம்!

அந்தக் கையை வரைந்தது என் சித்தி. இன்றைக்கு அவள் பெரிய டிசைனர். வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு மாடியில் அலுவலகம். எழுத்தே இல்லாமல் அவள் வரைந்த எச்சரிக்கைப் படங்கள் ஆஸ்பத்திரியில், பஸ் நிலையத்தில், தோல் பதனிடும் ஷாப்பு டிரம்களில் என்று எங்கெங்கோ தொங்குகின்றன. டெல்லியில் மேடையேற்றி விருதுகூடக் கொடுத்தார்கள். ஆனால் எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அவள் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அட்டைப்பெட்டிக்குப் பூ வரைகிறவள், அவ்வளவுதான்.

அதே கம்பெனியில்தான் அம்மா தோல் வெட்டினாள். அந்த மெஷினில் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்புப் பாளம் இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருக்கிறவரை ஆபத்தில்லை. ஆனால் வேலை வேகமாக ஓட வேண்டுமே! ஒரு பொத்தானில் தோல் துண்டைச் செருகி அமுக்கி வைத்துவிட்டு, ஒற்றைக் கையால் ஓட்டுவார்கள். அப்படி ஓட்டியதில் அம்மாவின் ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. புண் ஆறியதும் அதே மெஷினுக்குப் போய், மறுபடியும் தோல் துண்டைத்தான் செருகினாள். கேட்டால், எல்லாரும் அப்படித்தானே என்பாள். சுவரில் மூன்று மொழியில் எச்சரிக்கை எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

சித்திக்கு மனசு ஆறவில்லை. அக்காவோடு சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, என் இடது கையைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தாள். கூலி இரண்டு மக்கன் பேடா. கோணல் விரலை நேராக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அது அப்படியே இருக்கட்டும்டி" என்றாள்.

வாய் நிறைய பேடா இருந்ததால் மேற்கொண்டு நான் வாதாடவில்லை.

படத்தைப் பார்த்த மேனேஜருக்குச் சிரிப்பு. "இன்னாம்மா இது, எல்கேஜி புக்கு மாதிரி இருக்குது? ஃபாரின் பார்ட்டி வந்தா சிரிப்பான்" என்றாராம். சித்தி விடுவாளா? தினம் போய் நின்றாள். பேஜார் தாங்காமல் அவரும் இறங்கி வந்தார். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் மாட்டலாம். ஒரு ஆளாவது மாறினால் பார்க்கலாம். இல்லையென்றால் மறுநாளே கழற்றிவிட்டுப் பூ வரையப் போக வேண்டும், இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

எங்கள் மாதிரிப் பிள்ளைகளை உள்ளே விடுகிற ஒரே நாள் ஆயுத பூஜைதான். கரண்ட்டை நிறுத்தி, மெஷினுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வெட்டு மெஷினிலும் ஒரு படம். சிவப்புப் பாளம், அதன் அடியில் ஒரு சின்ன வெள்ளைக் கை. என் கை! நான் சும்மா இருப்பேனா? மெஷின் மெஷினாக ஓடி, படத்துக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக் காட்டி, "ஆன்ட்டி, இது என் கை! விரலைப் பாருங்க!" என்று ஊரைக் கூட்டினேன். தமிழே தெரியாத ஒடிசா அக்காவிடமும் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள், சட்டென்று என் கையை எடுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அம்மாவின் மெஷினுக்கு வந்தபோது அவள் கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு பொத்தானில் செருகியிருந்த தோல் துண்டைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். பக்கத்து மெஷின் ஆன்ட்டியும் பிடுங்கினாள். பிறகு ஒடிசா அக்கா. பிறகு வரிசையாக மற்றவர்களும். பொரிப் பொட்டலத்தோடு நின்ற மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கழட்ட வேணாம்மா, இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான், சித்தி என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். சுற்றின சுற்றில் அங்கிருந்த பொரியெல்லாம் பறந்தது. ஜெயித்தாள் என் சித்தி!

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூஜைக்காக மெஷினைச் சுத்தம் செய்கிறார்கள் என்று நினைத்து, கீழே கிடந்த துண்டுகளைப் பொம்மைக்குப் பாய் போட ஃபிராக்கில் பொறுக்கிக்கொண்டேன். பதினோரு துண்டு. கேட்டுக்கு வெளியே சித்தி ஒரு பெட்டி மக்கன் பேடா வாங்கிக் கொடுத்து அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். குப்பைக்கு ஒரு பெட்டி பேடாவா, சித்தி சரியான ஏமாளி என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவை இன்றைக்கு அவள் அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கின்றன. டெல்லி விருது பீரோவுக்கு மேலே கிடக்கிறது.

வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அம்மா என் இடது கையை விடவேயில்லை. அவளுடைய குட்டை விரல் என் கோணல் விரலை அழுத்திப் பிடித்திருந்தது. வலிக்கிறது என்று சொல்லியும் விடவில்லை. பண்டிகைக் கூட்டத்தில் நான் தொலைந்துபோய்விடுவேன் என்று பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மற்றக் கையால் பேடாவைத் தின்றுகொண்டே நடந்தேன்.