பூஜைக்குத் துடைத்த கணினி

கர்நாடகத்தின் சாகரத் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே, தன் வீட்டின் பெயர்ப்பலகை இல்லாத முன்னறையில் பதினான்கு ஆண்டுகளாக மனு தட்டச்சு செய்துவருபவர் நாகவேணி. அவரிடம் இருப்பது ஒரே ஒரு கணினி. அதை முடுக்கிவிட்டு, அடுப்பில் பால் வைத்து, அது பொங்கிய பிறகு வந்தால்தான் திரையில் வெளிச்சம் வந்திருக்கும். புதிது வாங்கச் சொன்னவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "மெதுவா இருந்தா இருக்கட்டும். என்கிட்ட வர்றவங்களும் யோசிச்சு யோசிச்சுத்தான் சொல்றாங்க."

அந்த ஆண்டு அவரிடம் வந்தவர்கள், அணைக்காக நிலத்தை இழந்த முப்பத்தொரு குடும்பத்தார். விசாரணைக் குழு ஒன்று ஒருவழியாக அமைந்திருந்தது. விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணை தொடங்கும்போது எழுத்து வாக்குமூலம் தராத குடும்பத்தின் பெயர் இழப்பீட்டுப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும் என்பது அதன் அறிவிப்பு. நாகவேணி இரண்டு மாதம் ஒவ்வொருவரையும் எதிரில் உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் சொன்ன சொல் மாறாமல் கன்னடத்தில் தட்டச்சு செய்து முடித்திருந்தார். அச்செடுப்பது மட்டுமே மிச்சம்.

ஆயுதபூஜையன்று அவர் பூ வாங்கிக்கொண்டு திரும்பியபோது கணினிக்குக் குங்குமம் வைத்து, செண்டுப்பூ மாலை சாத்தியாகியிருந்தது. கணவரின் தம்பி கிரீஷ் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றான். பெங்களூரில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவன்; பண்டிகைக்காக வந்திருந்தான்.

"அண்ணி, ஊரே வண்டியை வெளியில கழுவுது. நான் உங்க கம்ப்யூட்டரை உள்ளயே கழுவிட்டேன். ரீசெட் போட்டாச்சு. இனிமே பறக்கும் பாருங்க!"

நாகவேணி கையிலிருந்த பூப்பொட்டலத்தைக் கீழே வைத்தார். "என் ஃபைலெல்லாம்?"

"ஒண்ணுகூடப் போகலை. வேண்டாத சாமானைத்தான் தூக்கினேன்."

"வேண்டாததுன்னு உனக்கு யாருடா சொன்னது?"

அவர் கணினியை நோக்கி நடக்கவும் மாமியார் குறுக்கே வந்தார். "பூஜை வெச்ச யந்திரம். நாளைக் காலையில எடுக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"தொட்டவன் உங்க புள்ளை, அத்தை. கேக்குறதை அவனைக் கேளுங்க."

பொத்தான்மேல் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்துவிட்டு அழுத்தினார். திரை உடனே எழுந்தது. கிரீஷ் கைதட்டினான். முதல் கோப்பைத் திறந்ததும் அவனுடைய கை அந்தரத்தில் நின்றது.

கன்னடம் ஓர் எழுத்துகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் கோடுகளும் புள்ளிகளும் கோழி கிளறிய குப்பையைப் போலப் பக்கம் முழுவதும் இறைந்து கிடந்தன. அடுத்த கோப்பும் அப்படியே. நாகவேணி பயன்படுத்திவந்தது பழைய காலத்து எழுத்துரு. அது இருக்கும் கணினியில்தான் அந்தக் கோப்புகள் கன்னடமாகத் தெரியும். கிரீஷ் தூக்கியெறிந்த வேண்டாத சாமான்களில் முதலாவது அதுதான். அதை நிறுவித் தந்த கடையை மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன; குறுந்தகடும் இல்லை.

"நெட்ல மாத்திக்கலாம் அண்ணி, இருங்க" என்று கிரீஷ் தன் மடிக்கணினியில் ஏதேதோ செய்தான். பாதிச் சொற்கள் உடைந்தும் மீதி வேறு சொற்களாகவும் வந்தன.

"அது பறக்கணும்னு நான் கேட்டேனாடா? நான் கேட்டேனா?" நாகவேணியின் குரல் தெருவுக்குக் கேட்டது. "உன் கம்பெனியில அடுத்தவன் மேசையை அவனைக் கேக்காம துடைப்பியா? அண்ணி மேசைன்னா மட்டும் இளப்பமா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான்…"

"நெனச்சே. கேக்கலையே!"

பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையின் முன் உட்கார்ந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் அனுப்பிய கோப்புகள் பிறருடைய கணினிகளில் இப்படித்தான் குப்பையாய்த் தெரிந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் திட்டு வாங்கி, எந்தக் குறி எந்த எழுத்து என்று சொல்லிச் சொல்லியே அவருக்கு அது பழகிப்போயிருந்தது. முதல் வரியை விரலால் தொட்டு, தயங்கித் தயங்கி வாய்விட்டுப் படித்தார். சொல் சரியாக வந்தது.

"மடிக்கணினியை எடு. நான் படிக்கிறேன், நீ அடி."

"முப்பத்தொண்ணுமா?"

"முப்பத்திரண்டு இருந்தா அதையும்."

"பண்டிகை நாளும் அதுவுமா…" என்று தொடங்கிய மாமியார், மருமகளின் முகத்தைப் பார்த்ததும் சமையலறைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று பிற்பகலும் விஜயதசமி முழுவதும் நாகவேணி படித்தார், கிரீஷ் அடித்தான். பிழை விட்ட இடத்தில் வரியை முதலிலிருந்து அடிக்க வைத்தார். ஹூவப்பா என்பவரின் வாக்குமூலம் வந்தது. "கோடையில் தண்ணீர் இறங்கும்போது எங்கள் களத்தின் கல்தூண் வெளியே தெரியும். என் அம்மா படகில் போய் அதற்கு மஞ்சள் பூசிவிட்டு வருவாள்."

கிரீஷின் விரல்கள் நின்றன. "அண்ணி, என்னை மன்னிச்சிருங்க."

"என்கிட்ட கேக்காதே. நாளைக்கு வருவாங்க, அவங்ககிட்ட கேளு. இப்போ அடி."

விசாரணை நாளன்று எட்டு மணிக்கே முப்பத்தொரு குடும்பத்தாரும் தாலுகா அலுவலகத் தாழ்வாரத்தில் கூடிவிட்டனர். நடந்ததை நாகவேணி ஒளிக்காமல் சொன்னார்: "நீங்க சொன்னதை இவன் அழிக்கப் பாத்தான். திரும்ப அடிச்சதும் இவன்தான். படிச்சுக் காட்டுவான். ஒரு சொல் மாறியிருந்தாலும் கைநாட்டு வைக்காதீங்க."

கிரீஷ் அச்செடுத்த தாள்களோடு தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் படித்துக்காட்டினான். ஹூவப்பா கண்ணை மூடிக் கேட்டார். "மஞ்சளோட குங்குமமும் சொன்னேனே, தம்பி" என்றார். கிரீஷ் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான்.

"சொன்னாரு. நீ விட்டுட்டே" என்றார் நாகவேணி.

அவன் ஓரத்தில் பேனாவால் அந்தச் சொல்லைச் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து படித்தான். ஹூவப்பா கட்டைவிரலை மையில் தோய்த்தார். பத்து மணிக்குக் கதவு திறந்தது. நாகவேணி தாள்களை ஒருமுறை எண்ணிப் பார்த்து, முப்பத்தொன்றையும் உள்ளே கொண்டுபோய் வைத்தார். வெளியே வந்தபோது கிரீஷ் எழுந்து நின்றான். அவர் அவனைக் கடந்து, படியிறங்கிப் போனார்.