ஆரோக்கியசாமி சாரின் துப்பாக்கிப் பெட்டி

காரிமங்கலம் சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மாரண்டஹள்ளியிலிருந்து காய்கறி ஏற்றி வரும் வியாபாரி தராசைக் கீழே வைத்துவிட்டு, "தமிழய்யா, உங்க துப்பாக்கி வாத்தியாரு போயிட்டாருங்களே, தெரியாதுங்களா?" என்றார். பால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் கூட்டி வந்தாராம். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. 'உங்க' என்று அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. ஆரோக்கியசாமியை 'எங்க' என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் இல்லை.

மாரண்டஹள்ளிப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் கணக்கு வாத்தியார். மாணவர்களுக்குச் சிடுமூஞ்சி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோர் போனபின் அவர் வீட்டில் அடுப்பெரிந்த நாட்கள் குறைவு. காட்டுப்பன்றியை விரட்ட அவருடைய அப்பா உரிமம் வாங்கி வைத்திருந்த துப்பாக்கியில் தொடங்கிய பழக்கம், சேலத்துத் துப்பாக்கிக் கழகத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டி வரை அவரை இழுத்துப் போனது. திங்கட்கிழமை தோறும் துளை விழுந்த அட்டைகளைக் கொண்டுவந்து என் மேசையில் பரப்புவார். எனக்குத் துப்பாக்கியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "எல்லா ஓட்டையும் நல்லா வட்டமா இருக்குதுங்க" என்பேன். அவருக்கு அது போதும். ஒருமுறை கேட்டேன், என்னிடம் ஏன் காட்டுகிறீர்கள் என்று. "சுடறதுக்கு ஆளு வேண்டாங்க தமிழய்யா. சுட்டதைக் காட்டறதுக்குத்தான் ஒருத்தர் வேணும்" என்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தில்லிப் போட்டிக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். துப்பாக்கியை மாநிலம் தாண்டிக் கொண்டுபோக அனுமதி வேண்டும். அது ஆடி அசைந்து வருவதற்குள் மற்றவர்கள் ரயிலேறிவிட்டார்கள். கழகத்தார் பெங்களூரிலிருந்து விமானச் சீட்டு எடுத்துத் தந்தார்கள். ஆனால் விமானக் கம்பெனிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: துணியுறையில் வந்தால் ஏற்ற மாட்டோம், கெட்டியான பெட்டி வேண்டும், பூட்டு வேண்டும். பெட்டி இல்லையென்றால் பயணம் இல்லை. அந்த வயதுக்கு மேல் இன்னொரு வாய்ப்பு வராது என்று அவருக்கும் தெரியும்.

பெட்டி தேடும் படலத்தில் என்னையும் இழுத்துக்கொண்டு அலைந்தார். என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் அறிவு அல்ல, என் எடை. ஓசூர்ப் பக்கத்துத் தோட்ட முதலாளி ஒருவர் சீமைத் தோல் பெட்டி ஒன்றை இரவல் தர முன்வந்தார். பார்க்க ராஜா வீட்டுச் சாமான் போல இருந்தது. "கொஞ்சம் உக்காருங்க" என்றார் ஆரோக்கியசாமி. உட்கார்ந்தேன். பெட்டி அமுங்கியது. "நீங்க உக்காந்தே தாங்கலீன்னா, விமானத்துல மூட்டைய எறிஞ்சா தாங்குங்களா?" என்று கும்பிடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தருமபுரிக் கடையின் தகரப் பெட்டி என்னைத் தாங்கியது. ஆனால் துப்பாக்கியைப் பிரித்தால்தான் அதில் அடங்கும். "பிரிச்சு மாட்டினா பழைய குறி நிக்காதுங்க" என்று அதையும் வேண்டாமென்றார். கடைக்காரர் என்னைத்தான் முறைத்தார்.

கடைசியில் போனது சவப்பெட்டி செய்யும் சூசையிடம். நீளப் பெட்டி செய்து பழகிய கை ஊரில் அது ஒன்றுதான். தேக்குப் பலகையில், துப்பாக்கி அசையாதபடி தேங்காய் நார் அடைத்து, பித்தளைப் பூட்டுப் போட்டுச் செய்தார். வாங்கப் போனால் உள்ளே வெள்ளைச் சாட்டின் துணி கொசுவம் கொசுவமாக மடித்துத் தைத்திருந்தது. மூடியின் மேல் ஒரு பித்தளைச் சிலுவை.

"கைப்பழக்கமா அடிச்சுட்டேனுங்க" என்று சூசை தலையைச் சொறிந்தார். "புடுங்கினா ஓட்டை வுழும்."

"வேண்டாம், வுடுங்க. ஓட்டை வழியா ஈரம் போகும்" என்றார் ஆரோக்கியசாமி. பிறகு என் பக்கம் திரும்பினார். சவப்பெட்டி மாதிரி இருக்கும் ஒன்றின் மேல் உட்கார மாட்டேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டி இம்மியும் அசையவில்லை.

வழியனுப்ப நானும் கிளம்பினேன். பஸ்ஸில் பெட்டியைக் கூரைமேல் ஏற்ற அவருக்கு மனமில்லை. மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார். பஸ் நகர்ந்ததும் பேச்சுச் சத்தம் அடங்கியது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கண்டக்டர் சுமைக்கு டிக்கெட் போடாமல் நகர்ந்தார். நடைபாதையில் கூடையின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, வயலிலிருந்து நேராக வந்தவர், பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"பையனா, பொண்ணா சாமி?"

சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன்.

"பொண்ணுங்க" என்றார் ஆரோக்கியசாமி.

"பேரு?"

"ஸ்டெல்லாங்க."

யோசிக்கவே இல்லை. அந்த அம்மா அழுதுவிட்டார். சாரின் தோளில் கையை வைத்தவர், ராயக்கோட்டையில் இறங்கும்வரை எடுக்கவில்லை. ஓசூரில் இறங்கியதும் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். துப்பாக்கி என்றால் கலவரமாகிவிடும் என்று ஏதோ சொன்னார். கொஞ்ச தூரம் நடந்தபின், "நெசத்தைச் சொன்னா அந்தம்மா கையை எடுத்துருவாங்கன்னு தோணுச்சுங்க" என்றார்.

விமான நிலையத்தில் சிலுவையைப் பார்த்த அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு மரணச் சான்றிதழ் கேட்டார். அங்கே மட்டும் சார் அவசர அவசரமாகப் பூட்டைத் திறந்து காட்டினார்.

தில்லியில் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. "நடுவுல ஒரு எடம் வந்துச்சுங்க. பெட்டியில ஒரு கீறல்கூட இல்லீங்க" என்று அட்டையை என் மேசையில் வைத்தார். அடுத்த வருடமே எனக்குக் காரிமங்கலத்துக்கு மாற்றலாயிற்று. அதன்பின் திங்கட்கிழமைகளில் அட்டைகளை யாரிடம் காட்டினார் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் காட்டியிருக்க மாட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு மாட்டு வண்டிக்கு ஆவார்கள். துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தாயிற்று. காலிப் பெட்டியை யாரும் கேட்கவில்லை. பங்குச் சாமியார் எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன். இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான் என்று எண்ணியிருந்தேன். இன்னொன்றும் உண்டு.

அடக்கம் முடிந்து அன்று பஸ்ஸில் திரும்பும்போது பெட்டியை நானும் மடியில்தான் வைத்துக்கொண்டேன். நெற்றியில் திருநீறு, மடியில் சிலுவை. பக்கத்தில் இருந்த பெரியவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு என் முழங்கை மேல் கையை வைத்து, "யாருங்க உங்களுக்கு?" என்றார்.

காலிப் பெட்டி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எங்க அண்ணனுங்க" என்றேன்.

அவர் பெட்டியின் அளவைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. காரிமங்கலம் வரும்வரை கையை எடுக்கவுமில்லை.