சொப்பிங் அக்காவின் துடக்கு

எங்கள் ஒழுங்கையில் வந்து சிவகௌரி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சொப்பிங் அக்கா என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். அந்தப் பெயரை வைத்தது மதகில் குந்தியிருக்கும் எங்கள் கூட்டம்தான். கடைக்குக் கடை போய், பொலித்தீன் பையை நீட்டினால் “சொப்பிங் பை வேண்டாம்” என்று சண்டை பிடிக்கிற ஒருத்திக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கலியாணம் ஆகவில்லை. வாழைத்தோட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய வீடு, அதில் அவர் ஒருவர். சில வருஷத்துக்கு முதல் யாரோ வந்து ஊர்ப் பெண்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். தோட்டக் கழிவிலிருந்து சாப்பாடு சுற்றும் தாள் செய்வது எப்படி என்று. போன பெண்களில் பாதிப் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் போனவர்கள். அந்தச் சாப்பாடும் பிளாஸ்ரிக் லஞ்ச் சீற்றில் சுற்றித்தான் வந்ததாம். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தும் அதை விடாமல் செய்தவர் அக்கா மட்டும்தான்.

சந்தைக்கு எடுபடாத கோணல் வாழைக்காய்களைத் தோட்டக்காரர் வேலியோரம் எறிவார்கள். பொரியல் கடையில் மரவள்ளி நுனிகளைக் கழித்துப் போடுவார்கள். அக்கா இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அரைத்து வடித்து, மா அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை இறுத்து ஊற்றிவிடுவார். அந்த மாவில் வினாகிரியும் கிளிசரினும் விட்டு, அடுப்பில் கை ஓயாமல் துழாவுவார். பசை கண்ணாடிபோல வந்ததும் அதை யன்னல் கண்ணாடிகளில் மெல்லிதாகப் பரப்பி முற்றத்து வெயிலில் வைப்பார். காய்ந்ததை உரித்தால் தாள். ஓரத்தை ஈரவிரலால் தடவி ஒட்டினால் பை. கண்ணாடிகள் எல்லாம் தம்பியின் அறை யன்னலில் கழற்றியவை. பூட்டியிருக்கிற அறைக்கு யன்னல் என்னத்துக்கு?

முதல் தாள் அப்பளம்போல நொறுங்கியது. அடுத்ததை ஆடு தின்றுவிட்டது. ஒருநாள் நான் மதிலால் எட்டி, காய்ந்துகொண்டிருந்த ஒன்றில் ஒரு துண்டைக் கிழித்து அவர் பார்க்கவே வாயில் போட்டேன். ஏசுவார், ஓடலாம் என்று காலையும் தயாராக வைத்திருந்தேன்.

“உப்புக் காணுமோடா?” என்று கேட்டார்.

பகிடி விடப் போனவனுக்கு அதற்குமேல் அங்கே என்ன வேலை?

தாள் காயும்வரை பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார். சோளகக் காற்றில் புழுதி ஒட்டிவிடும், காகம் கொத்திவிடும். காகத்துக்கு அவர் ஏசும் சத்தம்தான் அந்த வளவில் கேட்கும் ஒரே மனிதக் குரல்.

தம்பி குகதாசன் கனடாவில். தாய் தகப்பன் வீட்டைச் சீதனமாக அக்காவின் பெயரில் எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, வீடு மட்டும் நின்றது. விற்போம் என்றார் தம்பி. மாட்டேன் என்றார் அக்கா. அதோடு இரண்டு பேருக்கும் கதை நின்றுபோனது. ஆனால் வட்சப்பில் தம்பி படத்தை மாற்றினால் அக்கா பெரிதாக்கிப் பார்ப்பார். எப்படிப் பெரிதாக்குவது என்று கேட்டது என்னிடம்தான்.

போன வருஷம் எங்கள் பிள்ளையார் கோயில் வீதியில் ஒரு பசு பொலித்தீன் தின்று செத்துப்போனது. இந்த வருஷத் திருவிழாவுக்குப் பொலித்தீன் இல்லை என்று முடிவெடுத்தார்கள். கோயில் பொறுப்பைப் பார்க்கும் பரமலிங்கத்தார் அக்காவைத் தேடி வந்தார். தேரன்று அடியாருக்குக் கொடுக்கும் அவல், பொரிகடலை, கற்கண்டு எல்லாம் அக்காவின் பையில்தான் போகும் என்றார்.

ஒரு கடைக்காரனும் கையால் தொடாத தாள் அது. அக்கா மீன் காய்ச்சும் மச்சச் சட்டிகளை எடுத்துப் பரணில் போட்டார். விடிய எழும்பி முழுகிவிட்டுத்தான் அடுப்பை மூட்டினார். எங்களைக் கண்டால் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். அவருடைய சைக்கிளில் மணி இருந்ததே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

தேருக்கு முதல்நாள் பரமலிங்கத்தார் ஒரு ஓட்டோவோடு வந்தார். பெட்டி சுமக்க மதகில் இருந்த எங்களையும் பிடித்து வந்தார். படலை சாத்தியிருந்தது. அக்கா உள்ளே நின்றார்.

“உள்ளுக்கை வராதேங்கோ அண்ணை. எனக்குத் துடக்கு.”

சாவுத் தீட்டு என்றதும் பரமலிங்கத்தார் படலையில் வைத்த கையைச் சுட்டதுபோல எடுத்தார். “ஆர் பிள்ளை செத்தது? ஊரிலை ஒரு செய்தியும் இல்லையே.”

“குகன். கனடாவிலை. முந்தநாள்.”

“உன்னோடை கதைக்காத தம்பியோ?”

“எனக்கு வேறை தம்பி இல்லை.”

பெண் கலியாணம் கட்டிப் போனால் பிறந்த வீட்டுச் சாவுக்குச் சில நாளில் முழுகி எழும்பிவிடலாம். கட்டாதவளுக்கு முழுத் துடக்கு, முப்பத்தொரு நாள். அதுவரைக்கும் கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. அந்த வீட்டுச் சாமான் கோயிலுக்குள் போகவும் கூடாது. கலியாணம் ஆகாததற்கு ஊர் கொடுக்கும் பரிசுகளில் இதுவும் ஒன்று.

பரமலிங்கத்தார் ஓட்டோவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குரலைத் தணித்தார். “பையெல்லாம் எப்ப செய்து முடிச்சனி?”

“போன கிழமையே.”

“அப்ப பைக்குத் துடக்கில்லை. உந்தப் பெடியள் உள்ளுக்கை போய் எடுக்கட்டும். நீ ஒண்டும் சொல்லேல்லை, நான் ஒண்டும் கேக்கேல்லை. கனடாவிலை செத்தது இஞ்சை ஆருக்குத் தெரியும்?” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “டேய், நீங்கள் ஏதும் கேட்டனீங்களோ?”

“எங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஐயா,” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. “ரெண்டு நாளா அந்தப் பையளோடை ஒரே வீட்டுக்கைதான் கிடக்கிறன். வேண்டாம் அண்ணை.”

“இத்தனை வருஷம் எட்டியும் பாராதவனுக்கு என்னத்துக்குப் பிள்ளை துடக்குக் காக்கிறாய்? நீ பட்ட பாடெல்லாம் வீணாப்போகப்போகுது.”

அக்கா படலைக் கம்பைப் பிடித்தார். “செத்தவீட்டுக்கு என்னாலை போகேலாது. முகம் பாக்கேலாது. துடக்கும் காக்காட்டி, நான் அவனுக்கு ஆர் அண்ணை?”

பரமலிங்கத்தார் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு ஏறிப் போனார். ஓட்டோ வெறுமையாக யாழ்ப்பாணப் பக்கம் திரும்பியது. பொலித்தீன் வாங்கத்தான்.

ஒரு வீட்டில் சாவென்றால் எங்கள் ஊர் சொல்லாமலே திரளும். கதிரை வரும், தேத்தண்ணி வரும், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயல்வீட்டுச் சாப்பாடு வரும். ஆனால் கோயிலில் கொடியேறிவிட்டால் விரதக்காரர் செத்தவீட்டுப் பக்கம் போகமாட்டார்கள். ஊர் முழுக்க விரதம். பிரேதமும் இல்லாத, அழுகைச் சத்தமும் கேட்காத அந்த வீட்டைத் தாண்டி, பட்டுச் சேலைகள் எல்லாம் தேருக்குப் போயின.

முதல்நாள் இரவு இறைச்சிக் கொத்துரொட்டி தின்று விரதத்தைக் கெடுத்தவன் நான். அதனால் செத்தவீட்டுக்குப் போகும் தகுதி ஒழுங்கையில் எனக்கு மட்டும்தான் இருந்தது. பாணும் சம்பலும் வாங்கிக்கொண்டு போனேன்.

“தேருக்குப் போகேல்லையோடா?”

“என்னைக் கண்டால் சனம் செருப்புக் களவு போகப்போகுதெண்டு பயப்பிடுது, அக்கா. கடவுளைக் கும்பிட விடாமல் ஏன்?”

அவர் பொதியை அவிழ்த்தார். லஞ்ச் சீற். அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். “என்ரை வீட்டுக்கு உதோடையோ வாறது?”

உள்ளே போய்த் தன் பை ஒன்றைக் கொண்டுவந்து, அதைப் பிரித்து விரித்துப் பாணையும் சம்பலையும் வைத்தார். சம்பல் பட்ட இடத்தில் தாள் மெல்ல மெல்ல இளகியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

“ஈரத்துக்கு நிக்காது,” என்றார். இளகிய ஓரத்தை விரலால் மடித்துவிட்டு, “அவலுக்கு நிண்டிருக்கும்,” என்றார்.

பிறகு தானாகச் சொன்னார். “அவன்ரை மகள்தான் ரெலிபோன் எடுத்தவள். மாமி எண்டு கூப்பிட்டாள். என்னை ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. பிறகு அவளுக்குத் தமிழ் முடிஞ்சு போச்சு. அவள் இங்கிலீசிலை அழுதாள், நான் தமிழிலை அழுதன்.”

தூரத்தில் தேர் அசைந்தது. மேளமும் அரோகராவும் காற்றில் வந்தன. அக்காவின் கைகள் பழக்கத்தில் தலைக்குமேல் எழும்பின. பாதியில் நினைவு வந்து, இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் பாணைப் பார்ப்பதுபோல இருந்தேன்.

அந்தப் பைகள் ஒன்றும் வீதியில் கிடக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் வாழையடியில் வெட்டிய கிடங்கில் கொட்டித் தண்ணீர் இறைத்தார். துடக்குக் கழியுமுன்பே அவை மண்ணாகிவிட்டன. வகுப்பில் சொன்னது பொய்யில்லை.

முப்பத்தொன்று முடிந்து வீடு கழுவிய மறுநாள், முற்றத்தில் மறுபடியும் கண்ணாடிகள் வெயிலில் கிடந்தன. பக்கத்தில் கதிரை. மதிலால் எட்டிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. அது தம்பியின் அறை யன்னலில், இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தியிருந்தது.

“ஏனக்கா, அங்கை ஒண்டு மட்டும்?”

“புழுதி அடிக்குது,” என்றார்.

மற்ற யன்னல்கள் எல்லாம் திறந்துதான் கிடந்தன. காகம் ஒன்று வந்து இறங்கியது. அவருக்கு முதல் நான் ஏசினேன்.