டீனா ஒதுக்கி வைத்த இறகு

டீனாவைப் பற்றி எழுதுவதென்றால் அவளுடைய குறைகளில்தான் தொடங்குவேன். நடக்கும்போது செருப்பைத் தேய்ப்பாள். பேச்சில் "ங்க" போடமாட்டாள். வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். நான் ஒரு "ங்க"வை விழுங்கினால் மட்டும் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். அவளுக்குப் பாட வராது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் நின்று பாடுவாள். இவ்வளவுதான் கிடைத்தது. மூன்று மாதமாகத் தேடுகிறேன்.

மேட்டுப்பாளையத்தில் கிருபாவதி அக்கா வீட்டு மாடியில் நாங்கள் நாலு பெண்கள் தூண்டிலுக்கு ஈ கட்டுகிறோம். நிஜ ஈ இல்லை. தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வது. ஊட்டிப் பக்கம் டிரௌட் மீன் பிடிக்கிறவர்கள் வாங்குவார்கள். இதில் தண்ணீர்மேல் மிதக்கிறது ஒரு வகை, உள்ளே முங்குகிறது இன்னொரு வகை. எந்த முள்ளுக்கு எந்த இறகு என்று பொறுக்கித் தருகிறவள் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவாள். பத்தாவது கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்ட எனக்கு உலகத்தில் கிடைத்த ஒரே பதவி அந்த நாற்காலி.

எங்கள் அப்பா வேங்கடசாமி சேவல் வளர்க்கிறவர். கீரி, காகம், மயில் என்று சேவலின் நிறத்துக்குப் பேர் சொல்கிற வீடு எங்களுடையது. அங்கே இறகு என்றால் சேவலின் கழுத்து இறகுதான். பொட்டைக்கோழி இறகைக் குப்பையோடு கூட்டித் தள்ளுவோம். அதனால் முங்குகிற ஈக்கு முதல் ஆர்டர் வந்தபோது, இருந்ததிலேயே விறைப்பான, பளபளப்பான சேவல் இறகாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தேன். ஊட்டியில் தூண்டில் கடை வைத்திருக்கும் மோகன்குமார் போன் செய்தார். கிருபாக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, அத்தனையும் தண்ணி மேல நடக்குதுங்க. பைபிள்ல வர்ற பேதுருகூட கடைசில முங்குனாருங்க. இது முங்கவே மாட்டேங்குதுங்க!"

சர்ச்சுக்குப் போகிற கிருபாக்காவுக்கு ஆர்டர் திரும்பியதைவிட இந்தப் பேச்சுதான் அதிகம் வலித்தது. அப்போது நூல் வெட்டிக்கொண்டிருந்த டீனா, கோழிக்கடைச் சாக்கிலிருந்து மங்கலான ஒரு பொட்டைக்கோழி இறகை எடுத்துத் தம்ளர் தண்ணீரில் முக்கினாள். அது ஈரம் குடித்துச் சுருண்டது. உள்ளே போனதும் மெல்ல விரிந்து, மூச்சு விடுவதுபோல் அசைந்தது.

"இதுதான் முங்கும்க்கா" என்றாள், ஏதோ குழம்புக்கு உப்புப் பார்த்த மாதிரி.

கிருபாக்கா அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார்: "அடுத்த பெட்டிக்கு டீனா பொறுக்கட்டும். மோகன்குமார் சரின்னு சொல்லிப்போட்டா ஜன்னலோரம் அவளுக்கே. இல்லீன்னா மறுபடி யுவா உக்காரட்டும். ஏம்புள்ள, செரிதான?"

"செரிங்க்கா" என்றேன். நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு நூல் வெட்டப் போனேன்.

அடுத்த வாரம் டீனா கட்டிய ஈ ஒன்றை எடுத்து, முள்ளின் வளைந்த முனையை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கிருபாக்காவின் டீயில் போட்டேன். நான் கட்டியதாக இருந்தால் மிதந்து முதல் மடக்கிலேயே காட்டிக்கொடுத்திருக்கும். இது அடியிலேயே கிடந்ததால் கடைசி மடக்கில்தான் அக்கா அலறினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. டீயிலும் சரியாக முங்கித் தொலைத்ததே!

மோகன்குமார் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை எங்கள் கீரிச் சேவலின் கழுத்தில் ஒரு கைப்பிடி பிடுங்கினேன். பளபளப்புப் போக டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தேன். பொட்டைக்கோழி இறகின் பழுப்பு நிறம் அப்படியே வந்துவிட்டது. டீனா இறகு வைத்திருக்கும் டப்பாவில் கலந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நூல் வெட்டுகிற சாக்கில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இறகை எடுப்பாள், முள்ளின் மேல் வளைத்து நீளம் பார்ப்பாள், விரலை நனைத்து உருவுவாள். கண் ஜன்னலுக்கு வெளியே, சிறுமுகை பஸ்ஸின் மேல் இருக்கும். அவள் அம்மா முப்பது வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். லீவு நாளில் இவளும் கூடப் போய்க் கிள்ளியிருக்கிறாள். "முத்தின இலை கைக்கே தெரியும் யுவா, பாக்க வேண்டாம்" என்று ஒருமுறை சொன்னாள். பெருமையடிக்கிறாள் என்று நினைத்தேன்.

பெருமை இல்லை. என் சேவல் இறகு ஒவ்வொன்றையும் கை தானாக ஒதுக்கியது. மத்தியானத்துக்குள் அத்தனையும் மேசை ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன.

"யுவா, உங்க கீரிக்குக் கழுத்து வலிச்சிருக்காது?" என்றாள் மெதுவாக.

அதற்குள் கிருபாக்கா வந்துவிட்டார். "என்னத்த கண்ணு அக்கட்டால ஒதுக்கி வெச்சிருக்கற?"

"மிதக்குற ஈக்கு ஆகும்க்கா. யுவா கொண்டாந்தா. நல்ல இறகு."

சனிக்கிழமை மோகன்குமார் டீனாவின் ஈக்களை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டார். ஒன்றுவிடாமல் முங்கின. "இதுதானுங்க வேணும்" என்றார். அப்புறம் மேசை ஓரத்தில் இருந்த சேவல் இறகு வரிசையைப் பார்த்துவிட்டு மிதக்கிற ஈக்கும் ஆர்டர் கொடுத்தார். சேவல் இறகு பொறுக்க எனக்கு ஒரு மேசை வந்தது, வாசல் பக்கம். ஜன்னலோரம் டீனாவுக்கு. அவள் ஜெயித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மேசையும் அவள் வாயால் வந்ததுதான் என்பது எப்படிச் செரிக்கும்?

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கேட்டார்: "ஏனம்மணி, கீரிக்குக் கழுத்துல என்னாச்சு?"

"எறகு உதுருற காலமுங்கப்பா."

"கழுத்துக்கு மட்டுமா?"

கீரிக்கு மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துப் பூசினேன். கொத்து வாங்கினேன், நியாயம்தான்.

போன வாரம் அன்னூர்ச் சந்தையில் ஒரு பொட்டைக்கோழியைப் பார்த்தேன். பழுப்பில் கறுப்புப் புள்ளி, தொட்டால் துணி மாதிரி இறகு. அப்பாவை நச்சரித்து வாங்கவைத்தேன். இந்தத் தடவை பிடுங்கவில்லை. கூட்டில் உதிர்ந்ததைத் தினமும் பொறுக்கி, ஷாம்பு போட்டு அலசி, நிழலில் காயவைத்து, யாருமில்லாத நேரமாகப் பார்த்து டீனாவின் டப்பாவில் போட்டேன். போடும்போது, சேவல் இறகைக் கலந்த அந்த வியாழக்கிழமை இருந்த அதே படபடப்பு.

அவள் விரலை நனைத்தாள். ஒவ்வொன்றாக உருவினாள். கட்டுவதற்கு எடுத்து வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மேசை ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள்.

அவள் சாப்பிடப் போனதும் அதை எடுத்துவந்துவிட்டேன். முள்ளில் வளைத்துப் பார்த்தேன். நனைத்துப் பார்த்தேன். முங்குகிறது, விரிகிறது, மற்றதெல்லாம் மாதிரியேதான் இருக்கிறது. அதில் என்ன குறை என்று எனக்குப் பிடிபடவில்லை. அவளிடம் கேட்கவும் மாட்டேன்.