மூன்றாம் ஞாயிறு தேவயானி நிறுத்திய பாட்டு

என் தங்கை தேவயானி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். ஆடித் திருவிழாவுக்குச் சவுக்குக் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய பெண் எங்கள் பக்கத்தில் அவள் ஒருத்திதான். ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே டிஜே வேலையைத் தானாகக் கற்றாள். சினிமாப் பாட்டு ஒன்றுகூடப் போடாமல் கோவளம் பக்கத்துக் கிளப்பில் ஆட்களை எழுந்து ஆட வைத்தாள். அந்த மூன்றாவதை விவரமாகச் சொல்ல வேண்டும். நான் கூடவே இருந்தேன்.

உத்திரமேரூரில் எங்கள் அப்பா கன்னியப்பன் நடத்திய சவுண்ட் சர்வீஸை இப்போது நான் பார்க்கிறேன். தேவயானி கம்பெனி வேனில் போக வர மூன்று மணி நேரம் போனில் பாட்டு கேட்பாள். ஜமைக்காவின் நிதானமான ரெகே, அதைவிடத் துள்ளலான டான்ஸ்ஹால், டிரினிடாட் தீவின் சோக்கா எல்லாம் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவை. சோக்கா அங்கே திருவிழா ஊர்வலத்தில் ஆடுகிற பாட்டு. தாளம் ஓட்டமாக ஓடும்.

"நம்ம ஜனத்துக்கு இது புடிக்கும்ணா. போட்டுக் காட்டத்தான் ஆளு இல்ல" என்பாள்.

கிளப் மேனேஜர் ஐசக் அவளுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார், மாலை நான்கிலிருந்து ஏழு வரை. மூன்றாவது ஞாயிறும் யாரும் ஆடாவிட்டால், அந்த நேரம் சினிமாப் பாட்டு போடுகிற வேறொருவருக்குப் போய்விடும்.

முதல் இரண்டு வாரமும் எடுத்த எடுப்பிலேயே சோக்காதான் போட்டாள். நாற்பது பேரில் ஆடியது மூன்று பேர். அதில் இருவர் சர்வர்கள்.

"இன்னாக்கா, ஓட்டப்பந்தயம் வெச்சிக்கினு கீறியா? மூச்சு வாங்குது!" என்று ஒரு சிவப்புச் சட்டைக்காரன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாவது ஞாயிறும் அப்படியேதான் ஆரம்பித்தது. நாலே முக்காலுக்கு, மதிலுக்கு வெளியே மேளச் சத்தம் கேட்டது. பக்கத்துக் குப்பத்தில் இறந்த யாரையோ எடுத்துப் போகிறார்கள். தேவயானி சட்டென்று பாட்டை நிறுத்திவிட்டாள்.

எங்கள் தொழிலில் அது வழக்கம். பிணம் தெருவைத் தாண்டும்வரை செட் ஓடக் கூடாது. அப்பா சாமிப் பாட்டையே நிறுத்துவார். ஆனால் இது கிளப். நான் பதறிப்போனேன்.

"போடு பாப்பா, இது நம்ம ஊரு இல்ல."

"கை தானா போயிடுச்சுண்ணா. நிறுத்தினது நிறுத்தினதுதான், தாண்டட்டும்."

ஐசக் ஓடி வந்தார். "இன்னாம்மா, கரண்டு போச்சா?"

"இல்ல சார். வெளிய சாவு போய்க்கினு கீது."

"அதுக்கு? இங்க இன்னா கூழா ஊத்தறோம்? போடும்மா!"

"தாண்டட்டும் சார்."

"அப்ப இன்னியோட சரின்னு வெச்சிக்கோ."

என் கடிகாரத்தில் பதினோரு நிமிடம். மேளம் தேய்ந்து மறைந்தது. பிணம் போன கையோடு வேகமான பாட்டு போடுவதும் எங்களுக்கு ஆகாது. அதனால் அவள் நிதானமான ஒரு ரெகே பாட்டைச் சத்தம் குறைத்துப் போட்டாள்.

சிவப்புச் சட்டைக்காரன் உட்கார்ந்தபடியே காலாட்டினான். அடுத்த பாட்டில் ஒரு மேசை முழுக்க எழுந்தது. அவள் சத்தத்தையும் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். டான்ஸ்ஹால் பாட்டுகளுக்குப் போய், ஐந்தே முக்காலுக்கு, நான்கு மணிக்குப் போட்ட அதே சோக்காவுக்கு வந்தாள். நான் எண்ணியவரை முப்பத்திரண்டு பேர் ஆடினார்கள். ஓடுகிற தாளத்தில் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தார்கள் போலும்.

"அக்கா, இப்ப ஓடலாம்!" என்றான் சிவப்புச் சட்டைக்காரன்.

ஏழு மணிக்கு ஐசக் ஒப்பந்தத் தாளோடு வந்தார். "வாராவாரம் நீயே வா. அந்த ஸ்லோ பாட்டுலேர்ந்தே ஆரம்பி. சாவுக்கு வெயிட் பண்ணாத."

தாளை என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கர் அனுமதிக்கு ஸ்டேஷனில் எப்போதும் நான்தான் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பழக்கத்தில் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"அண்ணா, பேனாவ குடு" என்றாள்.

க. தேவயானி, டிஜே என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்திட்டது 2023 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை.